அடி பாய்க்கு ஓரடி பாக்கி

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் காட்டுப்பாக்கத்தில், எங்கள் பிளாட் மதில்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். வேறெங்காவது இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

அந்தச் சொல் ‘அடி’. மனிதரின் பெயர் அடி பாய். பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பூந்தமல்லியிலிருந்து போரூர் வரை அதைத் தெரிந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் அவர் அடிபம்பு ரிப்பேர் செய்தார், அதனால் அந்தப் பெயர். தெருவில் அடிபம்புகள் போய் போர்வெல் வந்ததும், எத்தனை அடி தோண்டுவது என்று சொல்கிறவரானார். பெயரை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

மெயின் ரோட்டில் அவருக்கு ஒரு கடை. கடை என்றால் ஒரு தகரக் கதவு, பத்துப் பதினைந்து குழாய், ஒரு ஸ்டூல். போர்டு எழுத வந்த பெயின்டர் தமிழில் கொஞ்சம் கெட்டிக்காரர். ‘அடி பாய்’ என்று இடம்விட்டு எழுதாமல், நடுவில் ஒரு ‘ப்’பைச் சேர்த்து ‘அடிப்பாய்’ என்று சிவப்பு எழுத்தில் தீட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சிக்னலில் நிற்கிற ஷேர் ஆட்டோக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

“யார நைனா அடிப்ப?”

“உன்ன இல்ல, நீ போ” என்பார் பாய், ஸ்பானரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாய், சண்டைக்கு ஆள் பிடிக்கிற கடை மாதிரி இருக்கு. மாத்தச் சொல்லுங்க” என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

“இன்னாத்துக்கு மேடம்? ரெண்டு சொல்லு சேர்ற எடத்துல ஒத்தெழுத்து வரும். அவன் இலக்கணம் தெரிஞ்சவன். இவனுங்களுக்குத்தான் படிக்கத் தெரில.”

நான் யார் என்று சொல்லவில்லையே. திருநெல்வேலிக்காரி. வேலப்பன்சாவடியில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜில் நூலகர். எங்கள் பிளாட்டில் பன்னிரண்டு வீடு. நான் ஊருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கூட்டம் போட்டு, என்னை ஒருமனதாகச் செயலாளராக்கிவிட்டார்கள். திரும்பி வந்த வாரமே போர்வெல் வற்றியது. அப்படித்தான் பாய் வந்து சேர்ந்தார்.

குழாயைத் தட்டிப் பார்த்தார். மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். ஆகாயத்தைக்கூட ஒருமுறை பார்த்தார்.

“எத்தனை அடி போகணும் பாய்?” என்று கேட்டேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, என்னத்தச் சொல்ல. “அடி கேக்கறீங்களா? நாலு அடில முடிஞ்சா நேரிசை வெண்பா. பன்னண்டு அடிக்குள்ள முடிஞ்சா பஃறொடை வெண்பா. உங்க மண்ணப் பாத்தா அப்டித் தெரில மேடம். இது கலிவெண்பா கேஸு. போய்க்கினே இருக்கும்.”

எங்கள் பொருளாளர் என் காதருகே குனிந்து, “என்ன சொல்றார்?” என்றார்.

“தெரியல. செலவு ஜாஸ்தி ஆகும்போல இருக்கு.”

முந்நூற்று நாற்பது அடி போனது. சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது எல்லோரும் ஓடி ஒதுங்க, பாய் மட்டும் தொப்பலாக நனைந்துகொண்டு கண்ணை மூடி நின்றார். பில்லில் ‘கலிவெண்பா – 1’ என்று எழுதிக் கொடுத்தார். அதை ஏதோ மோட்டார் கம்பெனியின் பெயர் என்று நினைத்து எங்கள் ஆடிட்டர் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார்.

இந்த மனிதருக்கு யாப்பிலக்கணம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? பம்புக்கு வாஷர் வெட்ட அளவு பார்க்கவென்று பழைய பேப்பர்க் கடையில் கிலோக்கணக்கில் வாங்கிய காகிதத்தில் ஒரு பள்ளிக்கூட இலக்கணப் புத்தகம் வந்திருக்கிறது. எழுத்தும் சொல்லும் பொருளும் வாஷர் அளவுக்குப் போய்விட்டன. யாப்பு மட்டும் மிச்சம். போர் போடுகிற இடத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதைப் படித்திருக்கிறார். படித்துக்கொண்டே வந்தவர், செய்யுளில் ஒரு வரிக்குப் பெயர் ‘அடி’ என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். தான் கையில் பிடித்து அடித்ததும், டேப் வைத்து அளந்ததும், பாட்டின் வரியும் ஒரே சொல் என்ற அந்த ஆச்சரியத்திலிருந்து அவர் இன்னும் வெளியே வரவில்லை.

நூலகர் என்றால் எல்லாப் புத்தகத்தையும் படித்தவள் என்று அவருக்கு நினைப்பு. நாங்கள் புத்தகத்தின் முதுகை மட்டும்தான் படிப்போம் என்று எப்படிச் சொல்வது? அகராதி கேட்டார். எங்கள் காலேஜில் இருப்பதெல்லாம் கான்கிரீட் பற்றிய புத்தகங்கள். வீட்டிலிருந்த பழைய அகராதியை எடுத்துக் கொடுத்தேன். ‘அடி’ என்ற சொல்லுக்கு அதில் ஒரு பத்தி முழுக்கப் பொருள். வாசற்படியில் நின்றபடியே உதடசைத்துப் படித்து முடித்தார். முகம் வாடிவிட்டது.

“அடிபம்பு போடல மேடம். அதப் போடாம இன்னா அகராதி?”

ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் பார்க்கிற சாக்கில் வருவார். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். என் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எங்கோ பார்த்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் பேசுகிறவர்போலப் பேசுவார்.

“வெயில் அடிக்குது, காத்து அடிக்குது. மல்லிப்பூ வாசன அடிக்குது. ஒருத்தன் பெயின்ட் அடிக்கிறான், ஒருத்தன் ஆரன் அடிக்கிறான். பசங்க சைட் அடிக்கிறானுங்க. எதிர்த்தாப்புல ஒருத்தன் தண்ணியே அடிக்கிறான். ஊரு பூரா அடிச்சிகினு கீது மேடம். யாருக்குனா வலிக்குதா பாருங்க.”

“எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளையள ‘ஏட்டி’ன்னு கூப்பிடுவாங்க பாய். அது இதுல சேராதுல்லா?”

“சேராம? ஏ, அடி. ரெண்டும் ஒட்டிகினா ஏட்டி.” ஒரு புதையல் கிடைத்த மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு, “ஆனா என் பொண்டாட்டி ரஷீதாவ நான் அடின்னு கூப்புட்டது இல்ல மேடம். கையால அடிச்சதும் இல்ல. அந்த ரெண்டு அடி மட்டும் எங்க ஊட்ல கெடையாது” என்றார்.

கருகல் வாடை வந்தது. பேச்சு கேட்டுக்கொண்டே அடுப்பை மறந்திருந்தேன்.

“போச்சு. பால் அடிப்பிடிச்சிடுச்சு.”

பாய் ரொம்ப ஏக்கத்தோடு அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார். “பாலுக்குக்கூட ஓரடி புடிச்சிடுது. எனக்கு புடிபட மாட்டேங்குதே மேடம்.”

அன்றுதான் முழுக் கதையும் வெளியே வந்தது.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் ஒரு தெருமுனை அடிபம்பு. ரஷீதா என்கிற பெண் குடத்தை வைத்துவிட்டு அடி அடியென்று அடிக்கிறாள், தண்ணீர் வரவில்லை. கோபத்தில் பம்பையே திட்டுகிறாள். ரிப்பேர் செய்ய வந்த நம் ஆள் வாஷரை மாற்ற மறந்து நின்றுவிட்டார். இரண்டு வீட்டிலும் பேசி நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் என்ன வேண்டும் என்று பெண்ணிடம் கேட்கப் போனார்கள். கொஞ்சம் தங்கம் சொன்னாள். கூடவே, “பம்பாண்ட நின்னு என்னப் பத்தி பாட்டு எழுதறேன்னு சொன்னாரே, அதயும் முழுசா எழுதித் தரச் சொல்லுங்க” என்றாளாம்.

“நிக்காஹ் ஓதி வெக்க வந்த ஹஜ்ரத்துக்கு ஒரே சிரிப்பு மேடம். பாட்ட எப்டி எட போட்டு எழுதறது, வாயால ஒத்துக்கோன்னாரு. சபைல நாலு பேரு முன்னாடி ஒத்துக்கினேன். தங்கம் அன்னிக்கே குடுத்துட்டேன். பாட்டு மூணு அடி அந்த வருசமே வந்துடுச்சு. நாலாவது அடி இன்னிக்கி வரைக்கும் வரல. மஹர்ல ஓரடி பாக்கி வெச்சிகினு நான் எப்டி நிம்மதியா கண்ண மூடறது?”

“பொண்டாட்டி மன்னிச்சு விட்டுட்டா மஹர் தீர்ந்துடும்னு சொல்லுவாங்களே பாய்?”

“எனக்கு மன்னிப்பு வாணாம் மேடம். அடி வேணும்.”

வெண்பாவின் கடைசி அடி மற்ற அடிகளைவிடச் சின்னது. மேலே இருக்கிற மூன்று அடிக்கும் நாலு நாலு சீர், அதாவது நாலு நாலு துண்டு. கடைசிக்கு மூன்றே மூன்று. “மூணு சொல்லு மேடம். மூணே மூணு சொல்லு” என்று விரலை நீட்டிக் காட்டினார். அந்த விரல்களில் கிரீஸ் அப்பியிருந்தது.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ரஷீதாக்காவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வலது காது ஏற்கெனவே சுத்தமாகப் போய்விட்டது, இடது காதும் கிளம்பிக்கொண்டிருந்தது. நரம்புக் கோளாறு, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் வாங்கி மாட்டினார்கள். “எந்நேரமும் போர் போடற வண்டி ஓடறாப்புல கீது” என்று அக்கா அதைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டார். அந்த மிச்சக் காது போவதற்குள் நாலாவது அடியை அதில் போட்டுவிட வேண்டும். பாய்க்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே. நிக்காஹ் ஆனதிலிருந்து தினமும் காலையில் அக்காவின் காதருகே நின்று சொல்லிவந்த மூன்று அடியையும், இப்போது ஆறு மணிக்கு இடது காதருகே போய் நின்று அடிவயிற்றிலிருந்து கத்துவார். “ஓடியாந்து தாண்டறா மாதிரி மேடம். மூணு அடி வேகமா ஓடியாந்தா நாலாவது தானா வந்துடும்.” வரவில்லை. மூன்றாவது அடியின் முடிவில் தினமும் மனிதர் விளிம்பில் நின்றுவிடுவார்.

இந்த நேரத்தில்தான் எங்கள் இரண்டாவது மாடிக்குக் கோயம்புத்தூரிலிருந்து கார்த்திக் என்று ஒரு பையன் குடிவந்தான். ஐ.டி. வேலை. நல்ல பையன். வந்த மூன்றாம் நாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். முகம் வெளுத்திருந்தது.

“ஏனுங்க, அந்த வீட்டுல அந்தம்மாவப் போட்டு அடிக்கிறாருங்க. மூணு நாளா காதுல கேட்டுட்டு இருக்கறனுங்க. ‘அடி’ங்கறாரு, ‘அடித்தடித்து’ங்கறாரு, ‘கோபம்’னு கத்தறாரு. அந்தம்மா சத்தமே இல்லீங்க. நான் போலீஸுக்குப் போன் பண்ணிட்டனுங்க.”

விளக்கிச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஒரு பெண் எஸ்.ஐ., ஒரு கான்ஸ்டபிள். நானும் கார்த்திக்கும் பின்னாலேயே ஓடினோம். பாய் முற்றத்தில் நின்றிருந்தார். எஸ்.ஐ. அம்மா இடுப்பில் கைவைத்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

“எத்தனை அடி?”

பாய் முகம் மலர்ந்தது.

“மூணு மேடம்.”

கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார்.

“எத்தனை நாளா?”

“நாளா? இருவத்தாறு வருசமா மேடம். மூணு போட்டதோட சரி. நாலாவது வரவே மாட்டேங்குது.”

“நாலாவது வேற கேக்குதா உனக்கு?”

“எனக்கு இல்ல மேடம், அவளுக்குத்தான். கேட்டு வாங்கினது அவ. நாலு பேரு முன்னாடி ஒத்துக்கினு கீறேன், குடுக்காம உட முடியுமா?” எஸ்.ஐ. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சமாதானமாக, “பெருசா இருக்காது மேடம். கடைசி அடி எப்பவுமே சின்னதுதான்” என்றார்.

கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்திவிட்டார். உள்ளே தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த ரஷீதாக்கா, ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எழுந்து வந்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், “இன்னாவாம்?” என்று கேட்டார்.

“அடியப் பத்தி கேக்கறாங்க!” என்று பாய் அவர் இடது காதில் கத்தினார்.

“அத ஏன் கேக்கறீங்க, போங்க.” அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “எங்க அத்தா இருந்த காலத்துலேந்து கேட்டுகினு கீறேன். ஓரடி குடுக்கத் துப்பில்ல இந்த மனுசனுக்கு.”

இனிமேலும் விட்டால் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் நடுவில் புகுந்தேன். மஹர், வெண்பா, வாஷர், காது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். எஸ்.ஐ. அம்மா நம்பவில்லை. அக்காவைத் தனியாக உள்ளே அழைத்துப்போய், எழுதிக் காட்டிக் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர், “சொல்லுங்க பாய், கேட்போம்” என்றார்.

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார். இந்தத் தடவை கத்தவில்லை.

அடிபம்பில் நின்றாய் அடித்தடித்துப் பார்த்தாய்
குடிதண்ணீர் வாராமல் கோபம் – நொடியில்
பழுதுநான் பார்க்கவந்தேன் பார்த்ததோ உன்னை

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“பார்த்ததோ உன்னை... அப்புறம்?” என்றார் எஸ்.ஐ. அம்மா.

“அப்பால தான் மேடம் இல்ல.”

போகும்போது அவர் கார்த்திக்கின் தோளில் தட்டி, “நீங்க போன் பண்ணது சரிதான் தம்பி. நாளைக்கும் இப்படி ஏதாவது கேட்டா பண்ணுங்க” என்றார். பையன் அவமானத்தில் கூனிக் குறுகி நின்றான். பாய் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வெண்பாவில் தளை என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அதற்குப் பிறகு தெருவே நாலாவது அடியைத் தேட ஆரம்பித்தது. தண்ணீர் லாரிக்காக நாங்கள் வைத்திருந்த வாட்ஸப் குழுவில் லாரியைத் தவிர எல்லாம் வந்தது. எஸ்.ஐ. அம்மா ஸ்டேஷனிலிருந்து போன் செய்து ஒரு வரி சொன்னார். அதில் ‘சட்டம்’ என்ற சொல் இருந்தது. கார்த்திக் பிராயச்சித்தமாகச் செல்போனில் ஏதோ செயலியிடம் கேட்டு, ‘நீயே என் வாழ்வின் நிரந்தரமான நீர்வீழ்ச்சி அன்பே’ என்று கொண்டுவந்தான். பாய் எண்ணிப் பார்த்தார். “போர் போடச் சொன்னா ஏரிய வெட்டிக்கீது தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பொருளாளர் ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருவரின் மருமகன். அவர் மட்டும் இலக்கணப் பிழையில்லாமல் ஒன்று எழுதினார். ‘கழுதையாய் நின்றேன் களைத்து’.

பாய் விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். “எல்லாம் கரீட்டாகீது சார். ஒரு தப்பு இல்ல. ஆனா மஹர்ல கழுதய எழுதிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?” அப்புறம் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, “தப்பா நெனச்சிக்காதீங்க. மத்தவங்ககிட்ட அடி வாங்கினு போயி பொண்டாட்டிக்குக் குடுக்கறது மொறையில்ல” என்றார். அத்தோடு குழுவில் மறுபடியும் லாரி வந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழை பிடித்துக்கொண்டது. பாய் என் வாசலில் வந்து நின்றார். நனைந்திருந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

“மேடம், மழ பேயுது.”

“ஆமா பாய்.”

“அவ உள்ள பாத்திரம் தேச்சிகினு இருந்தா. கொடில துணி கீது. முதுகுக்குப் பின்னால இத்தினி சத்தமா பேயுது, அவ திரும்பிப் பாக்கல. எப்பவும் முதல் தூறலுக்கே ஓடுவா. நான்தான் ஓடி எடுத்தேன்.” சட்டை நுனியைப் பிழிந்துவிட்டு, “காதாண்ட போயி மூணடியும் சொன்னேன். இன்னா சொல்றன்னு கேக்கறா” என்றார்.

அன்றைக்கு அவர் பேச்சில் அடி அவ்வளவுதான் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா ஈரத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். பாய் பில் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அக்காவிடம் நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். தப்புதான், ஆனால் பார்த்தேன். ‘காது இருக்கும்போதே குடுக்கணும்னு பாத்தேன். அடி வரல. என்ன மன்னிச்சுக்கோ.’

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இருவத்தாறு வருசமா தெனம் காலீல என் காதாண்ட வந்து நின்ன. எந்தப் பொம்பளைக்கு அப்டி ஒருத்தன் வந்து நின்னான்? எனக்கு அது போதும். மஹர நான் எப்பவோ உட்டுட்டேன்யா. நீ எழுதினா எழுது.” தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகினார். “எழுதாட்டி இன்னா எனக்கு.”

பாய் அப்படியே நின்றார். முதலில் மனிதர் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் நகர்ந்து சீர் எண்ணிக்கொண்டிருந்தது.

“எழுதாட்டி... புளிமாங்காய்” என்று முணுமுணுத்தார். “இன்னா... தேமா. எனக்கு... பிறப்பு.”

“இன்னாது? மாங்காவா?” அக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த மழைல மாங்காய்க்கு எங்கய்யா போறது?”

எனக்கு யாப்பு தெரியாது. ஆனால் இத்தனை நாள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று பால் காய்ச்சியதில் கொஞ்சம் காது பழகியிருந்தது. பழுதுநான் பார்க்கவந்தேன் பார்த்ததோ உன்னை, எழுதாட்டி இன்னா எனக்கு. மூன்றே சொல். தெருவே தேடியும் கிடைக்காதது துணி மடிக்கிறவள் வாயிலிருந்து வந்து விழுந்திருக்கிறது.

பாய் பரபரவென்று சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து நாலு அடியையும் எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்து முகம் இருண்டது. என்னிடம் திரும்பினார்.

“மன்னிச்சதும் அவ. அடி குடுத்ததும் அவ. அப்ப நான் இன்னா குடுத்தேன் மேடம்?”

நூலகரிடம் கேட்கிற கேள்வியா அது? அக்கா அதற்குள் தாளை வாங்கிப் படித்துவிட்டார். ஒரு தடவை, இன்னொரு தடவை. கடைசி வரியில் விரலை வைத்து, “இது நான் சொன்னதாச்சே” என்றார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீ வாயால சொல்லு. எனக்கு வாயால சொல்றதாத்தான் பேச்சு.”

“உனக்குக் கேக்காதே ரஷீதா” என்றார் பாய். அதுவும் அக்காவுக்குக் கேட்கவில்லை.

அவர்கள் முற்றத்தில் ஓர் அடிபம்பு உண்டு. பூந்தமல்லித் தெருமுனையில் நின்ற அதே பம்பு. பிடுங்கிக் காயலான் கடையில் போட்டிருந்ததை வாங்கிவந்து நட்டு வைத்திருக்கிறார். பாய் அக்காவின் கையைப் பிடித்து மழையில் அழைத்துப்போனார். கைப்பிடியின் மேல் அக்காவின் கையை வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார். அக்காவின் முகத்துக்கு நேராக நின்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு சீருக்கு ஓர் அழுத்து. அடிபம்பில். நின்றாய். அடித்தடித்துப். பார்த்தாய். நாலு அழுத்தானதும் கொஞ்சம் நிறுத்தினார். அடுத்த நாலு. அடுத்த நாலு. அக்காவின் உதடும் கூடவே அசைந்தது. கடைசி அடிக்கு மூன்றே அழுத்து. எழுதாட்டி. இன்னா. எனக்கு.

தண்ணீர் கொட்டியது. மேலே மழை கொட்டுவதை நான் மறந்தே போனேன்.

அக்கா கையை எடுக்காமல் காத்திருந்தார். “இன்னொண்ணு கீதில்ல? எல்லாம் நாலு நாலாத்தான வந்துச்சு.”

பாய் இல்லையென்று தலையாட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டத்தில் வைத்து, சின்னது என்று காட்டினார்.

“அவ்ளோதானா?” என்றார் அக்கா. “இதுக்கா இத்தினி வருசம்?” திட்டிவிட்டு, கையை மட்டும் அங்கேயே வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் கத்தல் இல்லை. பம்புச் சத்தம் மட்டும்தான். நாலு, நாலு, நாலு, மூன்று. ஆகப் பதினைந்து. நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எண்ணுவேன். மேலே கார்த்திக்கும் எண்ணுகிறான் என்று கேள்வி.

போன வாரம் ஒருநாள் பதினாலோடு நின்றுவிட்டது. காத்திருந்தேன். வரவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால், அக்காவின் கைமேல் கையை வைத்தபடி, மூக்கைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து நிற்கிறார் மனிதர்.

“தும்மல் வர்றாப்புல இருந்துச்சு மேடம், வரல. நீங்க இன்னாத்துக்கு இப்டி ஓடியாறீங்க?”

“ஒண்ணுமில்ல. மோட்டார் சத்தம் ஒரு மாதிரி இருந்தது” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “அந்தக் கடைசி ஒண்ண அடிச்சுத் தொலைங்க பாய்” என்று திட்டிவிட்டுத் திரும்பினேன்.

கேட்டைத் தாண்டும்போது பதினைந்தாவது சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் கருகல் வாடை. பால் அடிப்பிடித்திருந்தது. பரவாயில்லை என்று அதிலேயே காபி போட்டுக் குடித்தேன்.